ரெகாட்டா என்னும் படகுப் போட்டி முடிந்து வெறுங்கையோடு ஊர் திரும்புகிறவர்களுக்கு

அடையாற்றில் துடுப்புப் போட்டு வளர்ந்தவள் நான். இந்தியா என்று முதுகில் எழுதிய உடையில் ஆசியப் போட்டிக்கும் போயிருக்கிறேன். டபுள் ஸ்கல்ஸ் (இருவர் படகு) பி ஃபைனலில் (மெடல் இல்லாத இரண்டாம் நிலை ஃபைனல்) கடைசியாகவும் வந்திருக்கிறேன். இப்போது பகலில் காப்பீட்டு அலுவலக வேலை, விடியற்காலையில் ஜூனியர் பிள்ளைகளுக்குப் பயிற்சி. ஒவ்வொரு பெரிய போட்டி முடிந்ததும் யாராவது ஒரு பிள்ளை விமான நிலையத்திலிருந்தே மெசேஜ் போடும்: "அக்கா, இப்ப என்ன பண்றது?" அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். "தோல்வியே வெற்றியின் முதல்படி" வகைப் பேச்சு இதில் இருக்காது. அது குடும்ப வாட்ஸப் குழுவில் சூரிய உதயப் படத்தோடு தானாக வந்து சேரும்.

எங்கள் விளையாட்டில் தோற்பதற்கென்று ஒரு தனி விசேஷம் உண்டு. ஓட்டப்பந்தயத்தில் பின்தங்கினால் முன்னால் ஓடுபவரின் முதுகாவது தெரியும். துடுப்புக்காரர்கள் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவர்கள். முதலில் போகிறவருக்கு மற்ற ஐந்து படகும் கண்முன்னே தெரியும். கடைசியில் இருப்பவருக்கு ஒருவரும் தெரிய மாட்டார்கள். தன் படகு விட்டுச்செல்லும் தடம், இரண்டு பக்கமும் மிதவை வரிசை, பின்னால் வரும் நடுவரின் மோட்டார் படகு, அவ்வளவுதான். 2000 மீட்டரின் பிற்பாதி முழுக்க அந்த வெறும் தண்ணீரைப் பார்த்தபடி இழுத்து வந்தவருக்கு, ஊர் திரும்பிப் படுத்தாலும் கண்ணுக்குள் வருவது அதேதான். பந்தயத்தில் எந்த இடத்தில் என்ன ஆனது என்று அவருக்கே சரியாகத் தெரியாது. தெரியாத இடத்தில் மனம் தன் இஷ்டத்துக்குக் கதை கட்டும். அந்தக் கதையை நிறுத்திவிட்டு, நடந்ததை எடுத்துப் பார்ப்பதுதான் வேலை. ஆனால் வந்து இறங்கியதும் அதைத் தொடக் கூடாது. வரிசை இருக்கிறது.

முதல் வாரம் உடம்புக்கு

கோடையில் ஐரோப்பாவிலிருந்து வந்தாலும் சரி, ஜப்பானிலிருந்து வந்தாலும் சரி, சென்னைக்கு மூன்றரை மணி நேரம்தான் வித்தியாசம், திசைதான் வேறு. ஐரோப்பாவிலிருந்து வந்தவருக்கு இரவு 2 மணி வரை தூக்கம் வராது. ஜப்பானிலிருந்து வந்தவர் 8 மணிக்கே சாய்ந்துவிட்டு விடியற்காலை 3 மணிக்கு விழித்துக்கொள்வார். இரண்டு பேருக்கும் அந்த இருட்டு நேரம்தான் கெட்ட நேரம். பந்தயம் திரும்பத் திரும்ப ஓடுவது அப்போதுதான். இதற்கு மனதோடு மல்லுக்கட்ட வேண்டாம், கடிகாரத்தைச் சரிசெய்தால் பாதி குறையும். ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் காலை 6 மணிக்கு எழுந்து மொட்டை மாடிக்குப் போய் வெளிச்சத்தில் நில்லுங்கள். ஜப்பானிலிருந்து வந்தவர்கள் சாயங்காலம் வீட்டுக்குள் அடைந்து கிடக்காமல் பெசன்ட் நகர் பக்கம் நடந்துவிட்டு வாருங்கள். நாலைந்து நாளில் தூக்கம் ஒழுங்குக்கு வரும். அதுவரை ராத்திரி தோன்றும் எந்த முடிவுக்கும் மதிப்பு கிடையாது. "விட்டுடலாம்", "கோச்சை மாத்தணும்", "போலந்துலேயே சீட்டோட ஸ்லைடு சரியில்லன்னு சொன்னேனே" எல்லாம் இதில் அடக்கம்.

பயிற்சியை ஒரேயடியாக நிறுத்திவிட்டுக் கட்டிலில் விழுவதும் வேண்டாம். தினம் இரண்டு வேளை இழுத்துப் பழகிய உடம்பு திடீரென்று சும்மா இருந்தால் பசி, தூக்கம், மனநிலை மூன்றும் சேர்ந்து கவிழும். பிள்ளைகள் அதையும் தோல்வியின் கணக்கிலேயே எழுதிக்கொள்கிறார்கள். தினம் ஒரு மணி நேரம் நடை, நீச்சல், மெதுவாக சைக்கிள், எதுவானாலும் சரி. எர்க், அதாவது தரையில் வைத்து இழுக்கும் துடுப்பு மெஷின் மட்டும் வேண்டாம். அதில் உட்கார்ந்ததும் கண் தானாகத் திரையில் ஸ்ப்ளிட்டை (500 மீட்டருக்கான நேரத்தை) தேடும். தேடினால் அன்றைய நாள் போச்சு.

இரண்டாவது வாரத்தில் உள்ளங்கைக் காய்ப்பு உரியத் தொடங்கும். விரல்களின் அடியில் மஞ்சளாக, கெட்டியாக இருந்த தோல் ஓரத்தில் வெள்ளையாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். பஸ்ஸில் உட்கார்ந்து அதைப் பிய்த்துக்கொண்டே வரும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மெடல் போனபோது அழாத ஒரு பெண் தன் கை மெத்தென்று ஆகிவிட்டதைப் பார்த்து அழுதாள். பிய்க்காதீர்கள். குளித்த பிறகு தோல் ஊறியிருக்கும்போது கால் தேய்க்கும் கல்லால் லேசாகத் தேய்த்து மட்டமாக்கினால் போதும். திரும்பத் துடுப்பைப் பிடித்தால் காய்ப்பும் திரும்ப வரும்.

மூச்சை இழுக்கும்போதோ தும்மும்போதோ விலாவில் ஒரே இடத்தில் குத்தினால், அதைச் சோர்வு என்று விட்டுவிடாதீர்கள். துடுப்புக்காரர்களுக்கு விலா எலும்பில் மெல்லிய விரிசல் விழுவது வழக்கமான காயம். கீழ்முதுகும் அப்படித்தான். போட்டி முடியும் வரை வலியை மறைத்தவர்கள் நிறைய பேர். இப்போது மறைக்க ஒரு காரணமும் இல்லை, விளையாட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

லைட்வெயிட்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஆண்களுக்கு 72.5 கிலோ, பெண்களுக்கு 59 கிலோ தாண்டக்கூடாது என்று எடை மேடையைப் பார்த்தே மாதக்கணக்கில் வாழ்ந்திருப்பீர்கள். ஊருக்கு வந்ததும் பிரியாணியில் விழுவீர்கள். விழுங்கள், தப்பில்லை. ஒரு மாதத்துக்கு எடை பார்க்கும் மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள்.

வாடி வதங்கி வந்திருக்கிறாயே என்று அத்தை கொடுக்கும் லேகியம், ஜிம்மில் நண்பன் நீட்டும் பவுடர், தூக்கத்துக்கென்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை, மூன்றும் வேண்டாம். போட்டி முடிந்தாலும் ஊக்கமருந்துச் சோதனை முடிவதில்லை. வீட்டு வாசலுக்கே வந்து மாதிரி எடுப்பார்கள். காய்ச்சல், சளி என்று போனால் மருத்துவரிடம் நீங்கள் சோதனைக்கு உட்பட்ட வீரர் என்று முதலிலேயே சொல்லுங்கள். மருந்தின் பெயரைத் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் செயலியில் போட்டுப் பார்த்துவிட்டு விழுங்குங்கள். லேகியத்தில் என்ன இருக்கிறது என்று எந்தச் செயலியும் சொல்லாது. அத்தைக்கு நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருப்பது உங்கள் சாமர்த்தியம்.

கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வது

உலக சாம்பியன்ஷிப், ஆசிய விளையாட்டு எல்லாம் பெரும்பாலும் ஆகஸ்டு, செப்டம்பரை ஒட்டித்தான் வரும். முடிந்து ஊருக்கு வந்தால் நேரே தீபாவளி. சென்னைத் துடுப்புக்காரருக்கு இதைவிட மோசமான ஏற்பாட்டை யாரும் வேண்டுமென்றே செய்ய முடியாது. சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே நாளில், ஒரே ஹாலில், கையில் முறுக்குத் தட்டோடு.

அதற்கு முன்னால் தெருமுனை ஃபிளெக்ஸ். நீங்கள் கிளம்பும்போது தெருப் பையன்கள் ஆசையாக வைத்தது. பள்ளிக்கூட அடையாள அட்டையிலிருந்து எடுத்து ஊதிப் பெரிதாக்கிய உங்கள் முகம், பக்கத்தில் நீங்கள் ஓட்டவே ஓட்டாத ஏதோ ஒரு கயாக் படம், கீழே "வென்று வா சிங்கமே". திரும்பி வரும்போதும் அது அங்கேயே இருக்கும், மழையில் ஒரு பக்கம் கிழிந்து. அந்தப் பையன்களிடம் நீங்களே போய், "டேய், போட்டி முடிஞ்சுது, கழட்டிடலாம் வாங்க" என்று சொல்லிச் சேர்ந்து கழற்றுங்கள். அவர்களும் அதை எப்படி எடுப்பது, எடுத்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று தெரியாமல்தான் விட்டு வைத்திருப்பார்கள். கழற்றி முடித்து ஒரு டீ குடித்தால் தெருவில் பாதிப் பேரிடம் பேச வேண்டியது பேசியாகிவிட்டது என்று அர்த்தம்.

உறவினர்களுக்கு முன்கூட்டியே ஒரு பதிலைத் தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று சின்ன வாக்கியம் போதும்: என்ன ஆனது, எத்தனையாவது இடம், அடுத்தது எப்போது.

"என்னம்மா, மெடல் என்னாச்சு?"

"கிடைக்கலை பெரியப்பா. பத்தாவது வந்தேன். அடுத்தது நேஷனல்ஸ் இருக்கு."

அவ்வளவுதான். காரணம் சொல்லத் தொடங்காதீர்கள். "காத்து அடிச்சுது" என்று சொன்னால், "எல்லாருக்கும்தானே அடிச்சிருக்கும்?" என்று வரும். அதற்குப் பதில் சொல்ல லேன் கணக்கு, பக்கக்காற்று எல்லாம் விளக்க வேண்டும். பெரியப்பா பாவம், அவருக்கு இது கேரளத்து வள்ளத்துக்குத் தம்பியா என்ற சந்தேகமே இன்னும் தீரவில்லை. மூன்று வாக்கியம் முடிந்ததும் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். முழங்கால் எப்படி இருக்கிறது, அதிரசம் யார் சுட்டது, எதுவானாலும். பெரும்பாலானவர்கள் கேட்பது அக்கறையில்தான். அவர்களுக்கும் வேறு பேச்சு கிடைத்தால் நிம்மதி.

அம்மா அப்பா விஷயம் வேறு. அவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தங்கள் வருத்தத்தை ஒளித்துக்கொண்டிருப்பார்கள். என் அம்மா, யார் போன் செய்தாலும் "அவ தூங்குறா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். அப்பா பால்காரர் வரைக்கும் என் சார்பில் விளக்கம் கொடுத்தார். அவர்களை ஒரு நாள் உட்கார வைத்து, என்ன நடந்தது என்று நீங்களே முழுசாகச் சொல்லிவிடுங்கள். உங்களிடமிருந்து கேட்காதவரை அவர்கள் முகத்தைப் படித்துக்கொண்டேதான் இருப்பார்கள், நீங்களும் அவர்கள் முகத்தைப் படித்துக்கொண்டே இருப்பீர்கள்.

வெளியில் யாராவது ஒருவர் போதும், எல்லாவற்றையும் கொட்ட. அவர் துடுப்புக்காரராக இல்லாமல் இருப்பது நல்லது. துடுப்புக்காரர் என்றால் இரண்டாவது நிமிடத்தில் ரிக்கர் (துடுப்பைத் தாங்கும் சட்டம்) அளவு கேட்பார்.

பந்தயத்தை நான்காக வெட்டுங்கள்

தூக்கம் சரியாகி, தீபாவளியும் தாண்டிய பிறகு இதற்கு வாருங்கள். ஒரு தாள், பேனா, முடிவுப் பட்டியல். படகில் ஜிபிஎஸ் கருவி இருந்திருந்தால் அதன் பதிவும். முடிந்தால் கோச்சும் பக்கத்தில்.

முடிவுப் பட்டியலில் இறுதி இடத்தைக் கையால் மூடுங்கள். 500, 1000, 1500, 2000 மீட்டரில் உங்கள் நேரத்தையும் முதலில் வந்தவர் நேரத்தையும் எழுதுங்கள். உதாரணத்துக்கு ஒரு சிங்கிள் ஸ்கல்ஸ் பந்தயம்: வென்றவர் 6:50, நீங்கள் 7:10 என்று வையுங்கள். இருபது விநாடி. "இருபது விநாடியில தோத்தேன்" என்று சொன்னால் அது மலையாக நிற்கும். வெட்டிப் பாருங்கள். அவர் நான்கு ஐந்நூறுகளையும் 1:40, 1:43, 1:44, 1:43 என்று போனார். நீங்கள் 1:43, 1:48, 1:51, 1:48. வித்தியாசம் 3, 5, 7, 5. ஆரம்பத்தில் அவ்வளவாக விடவில்லை. கடைசியிலும் மீண்டும் எழுந்திருக்கிறீர்கள். மூன்றாவது ஐந்நூறில்தான் அதிகம் போயிருக்கிறது. எல்லோருக்கும் கசப்பான இடம் அது. தொடக்கத்தின் வேகம் தீர்ந்துபோயிருக்கும், முடிவு இன்னும் கண்ணில் படாது. உங்கள் ஸ்ட்ரோக் ரேட் (நிமிடத்துக்கு எத்தனை இழுப்பு) அங்கே 34லிருந்து 31க்கு இறங்கியதா, அல்லது ரேட் அப்படியே இருந்து ஒவ்வொரு இழுப்பின் நீளம் குறைந்ததா? முன்னது மூச்சுப் பிரச்சினையாக இருக்கலாம், பின்னது பெரும்பாலும் முதுகும் காலும் சோர்ந்து கேட்ச் (துடுப்பு தண்ணீரைப் பிடிக்கும் நொடி) தாமதமாவது. இரண்டுக்கும் பயிற்சி வேறு. இப்போது கையில் இருப்பது செய்யக்கூடிய ஒரு வேலை.

இந்தத் தாளில் ஒரே விதி: பண்புச் சொல் கூடாது. "கேவலமா இழுத்தேன்", "பயந்துட்டேன்", "சொதப்பல்" எல்லாம் வெளியே. "1100 மீட்டரில் ரேட் 31" இருக்கலாம். "1400இல் இடது துடுப்பு அலையில் மாட்டியது" இருக்கலாம். ஜூனியர் பிள்ளைகளிடம் நான் இதைக் கண்டிப்பாகப் பார்ப்பேன். பண்புச் சொல் எழுதியவர் அதை அடித்துவிட்டு அந்த இடத்தில் மீட்டர் கணக்கு எழுத வேண்டும். கணக்கு இல்லை என்றால் காலியாக விட வேண்டும்.

அடுத்து, நேரத்தை நேரத்தோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். எதிர்க்காற்று அடித்த நாளில் எல்லோரும் மெதுவாகத்தான் வருவார்கள், முதுகுக்காற்று அடித்த நாளில் சுமாரானவரும் சொந்த சாதனை வைப்பார். அதே நாள், அதே பந்தயத்தில் வென்றவரோடு சதவீதம் போடுங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் 410 விநாடிக்கு 20 விநாடி, அதாவது 5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. போன வருடம் அது 7ஆக இருந்ததா, 4ஆக இருந்ததா? இடம் பத்திலிருந்து பன்னிரண்டுக்கு இறங்கியும் சதவீதம் குறைந்திருந்தால் நீங்கள் முன்னேறியிருக்கிறீர்கள், மற்றவர்களும் முன்னேறியிருக்கிறார்கள்.

அதே சமயம் அந்த 5 சதவீதத்தைக் குறைத்தும் மதிப்பிட வேண்டாம். தண்ணீரின் எதிர்ப்பால், தேவையான சக்தி ஏறக்குறைய வேகத்தின் முப்படியாக ஏறும். வேகம் 1 சதவீதம் கூட வேண்டுமென்றால் சக்தி 3 சதவீதம் கூட வேண்டும். 5 சதவீதத்துக்குக் கிட்டத்தட்ட 16 சதவீதம். அது ஒரு சீசனில் ஆகிற காரியமில்லை. "இன்னும் கொஞ்சம் வெறியோட இழுத்திருந்தா" என்று ராத்திரி மனம் சொல்கிறதே, அதற்கான பதில் இந்தக் கணக்கு. 16 சதவீதம் வெறியில் வராது. எர்க் கணக்கில் பாருங்கள், நீங்கள் ஒரு வருடத்தில் எத்தனை வாட் ஏற்றியிருக்கிறீர்கள் என்று.

பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியத் துடுப்புக்காரர் பல்ராஜ் பன்வாரைப் பாருங்கள். 2023இல் ஹாங்சோ ஆசியப் போட்டியின் சிங்கிள் ஸ்கல்ஸில் நான்காவது. மெடலுக்கு அடுத்த இடம், இருப்பதிலேயே எரிச்சலான இடம். ஏழே மாதத்தில், 2024 ஏப்ரலில், தென்கொரியாவின் சுங்ஜுவில் நடந்த தகுதிப்போட்டியில் மூன்றாவதாக வந்து ஒலிம்பிக் இடம் வாங்கினார். பாரிஸில் ஹீட்ஸ் (முதல் சுற்று), ரெபஷாஜ் (அதில் தவறியவர்களுக்கான இரண்டாம் வாய்ப்பு) தாண்டி காலிறுதி வரை போனார், மொத்தத்தில் 23ஆவது. செய்தித்தாளில் அந்த 23 மட்டும்தான் வரும். அங்கே அவர் இழுத்ததில் வேகமான நேரம் பின்வரிசை இடங்களைத் தீர்மானிக்கும் கடைசிப் பந்தயமான டி ஃபைனலில் வந்தது, 7:02.37. நான் மேலே சொன்னபடி காற்றுக்கும் அதில் பங்கு இருந்திருக்கலாம். ஆனாலும் மெடலே இல்லாத, யாரும் பார்க்காத ஒரு பந்தயத்தில் அவர் முழு 2000 மீட்டரும் இழுத்திருக்கிறார் என்பது அந்த எண்ணில் தெரிகிறது. உங்கள் பட்டியலிலும் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு பேர், நான்கு பேர், எட்டுப் பேர் என்றால்

சிங்கிளில் தோற்றவருக்குத் திட்ட ஆள் தான் ஒருவர்தான். குழுப் படகில் ஆள் கிடைப்பார். துடுப்பு தண்ணீருக்குள் மாட்டிக் கிராப் பிடித்தவர், ரேட் ஏற்றாத ஸ்ட்ரோக் (மற்றவர்களுக்குத் தாளம் கொடுக்கும் இருக்கைக்காரர்), முந்தின நாள் சரியாகத் தூங்காத பௌ (படகின் முனை இருக்கைக்காரர்). ஊர் திரும்பியதும் குழு இரண்டு இரண்டாகப் பிரிந்து தனித்தனி சாட்டில் பேசத் தொடங்கும். அதை வளரவிட்டால் அடுத்த சீசனில் படகு மட்டும்தான் இருக்கும், குழு இருக்காது.

ஒரே தடவை எல்லோரும் நேரில் உட்காருங்கள், படகுக் கொட்டகையிலோ டீக்கடையிலோ. தாளை நடுவில் வைத்து அதே நான்கு வெட்டு. ஒவ்வொருவரும் தன் இருக்கையைப் பற்றி மட்டும் பேசுவது. "நான் மூணாவது ஐந்நூறுல பிளேடைச் சீக்கிரம் வெளிய எடுத்துட்டேன்" சரி. "நீ எடுத்துட்ட" கூடாது. அப்புறம் பரோட்டா. அந்தப் பந்தயத்தைப் பற்றி சாட்டில் மேற்கொண்டு ஒரு வரியும் கிடையாது.

குழுவில் தேறிவருவது எவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்பதற்கு 2018 ஆசியப் போட்டியே சாட்சி. இந்தோனேசியாவின் பலெம்பாங்கில் ஆகஸ்டு 23 அன்று தத்து போக்கனால் என்ற நம் வீரர் உடம்பு முடியாமல் சிங்கிள் ஸ்கல்ஸ் ஃபைனலில் கடைசி. அதே நாளில் ஸ்வர்ண் சிங்கும் ஓம் பிரகாஷும் டபுள் ஸ்கல்ஸில் நான்காவது. மறுநாள் காலை இந்த மூன்று பேரும் சுக்மீத் சிங்கோடு ஒரே படகில் ஏறி குவாட் ஸ்கல்ஸில் தங்கம் வாங்கினார்கள். ஒரு ராத்திரியில் யாருக்கும் புதிதாக வாட் ஏறவில்லை. அடுத்த நாள் அடுத்த படகு காத்திருந்தது, ஏறினார்கள். உங்களுக்கு அடுத்த படகு மறுநாளே இல்லை, அதனால் கொஞ்சம் கஷ்டம் அதிகம். அது உண்மைதான்.

மழைக்காலமும் முதல் அவுட்டிங்கும்

சென்னையில் திரும்பத் தண்ணீரில் இறங்குவதில் ஒரு சிக்கல். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. செம்பரம்பாக்கத்தில் தண்ணீர் திறந்தால் அடையாறு பழுப்பு நிறத்தில் வேகம் பிடிக்கும். ஆகாயத்தாமரை திட்டுத் திட்டாக மிதந்து வரும், அதோடு மரக்கட்டை, தெர்மாகோல், சமயத்தில் முழு வாழைமரமே வரும். 14 கிலோ எடையுள்ள சிங்கிள் படகை அதில் இறக்க எந்தக் கோச்சும் விடமாட்டார். ஆக, மனசு தண்ணீரைக் கேட்கும்போது கொசுக்கடியில் எர்க்கைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். இந்த வாரங்களை எடைப் பயிற்சிக்கும் நீச்சலுக்கும் கொடுங்கள். எர்க்கில் உட்கார்ந்தே ஆக வேண்டுமென்றால் திரையை மேல்நோக்கித் திருப்பிவிட்டு, நேரம் மட்டும் சுவர்க்கடிகாரத்தில்.

ஆறு தெளிந்து கோச் சரி என்றதும் முதல் அவுட்டிங். சிங்கிளில் போங்கள், நீங்கள் எட்டுப்பேர் படகுக்காரராக இருந்தாலும். கைக்கடிகாரம், ஜிபிஎஸ் கருவி, போன் மூன்றையும் கொட்டகையில் வையுங்கள். 5:45க்குப் படகுத்துறையில் இருந்தால் காற்று எழும்புவதற்குள் முடித்துவிடலாம். கோட்டூர்புரம் பக்கம் பறக்கும் ரயில் பாலத்துக்கு அடியில் போகும்போது மேலே முதல் ரயில்கள் போகும் சத்தம் தண்ணீரில் இறங்கி அடிக்கும். நாற்றம் இருக்கும், அதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஜிலேபிக் கெண்டை துள்ளி ரிக்கரில் இடிக்கும். கம்பத்தில் நீர்க்காகம் சிறகை விரித்து உட்கார்ந்திருக்கும்.

வேகம் பார்க்காமல் செய்ய வேண்டியது இதுதான்: ரேட் 18க்கு மேல் போகாமல், பத்து ஸ்ட்ரோக் கண்ணைத் திறந்து, பத்து ஸ்ட்ரோக் கண்ணை மூடி. மூடும் முன் வழி காலியாக இருக்கிறதா என்று திரும்பிப் பாருங்கள், பாலத்தூணுக்கு உங்கள் மனநிலை தெரியாது. கண்ணை மூடியதும் இரண்டு பிளேடும் ஒரே சமயத்தில் தண்ணீரைப் பிடிக்கின்றனவா என்று காதால் கேளுங்கள். சரியாகப் பிடித்தால் ஒரே சத்தம், இல்லையென்றால் முன்னும் பின்னுமாக இரண்டு. படகு ஓடும்போது அடியில் குமிழி சலசலக்கும். அந்தச் சத்தத்தை நீட்டப் பாருங்கள். அதில் கவனம் போனால் அந்த வெறும் தண்ணீர்க் காட்சி ஒரு பத்து நிமிடமாவது வராது. வந்தாலும் பரவாயில்லை, வரட்டும். நிறுத்தி, துடுப்பைத் தட்டையாகத் தண்ணீர்மேல் வைத்து உட்காருங்கள். அழுகை வந்தால் அங்கேயே அழுதுவிட்டு வருவது வசதி, வீட்டில் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். நான் அனுப்பும் பிள்ளைகளுக்கு முதல் அவுட்டிங்கிலிருந்து எப்போது திரும்பி வர வேண்டும் என்று நேரம் சொல்வதில்லை. பாதுகாப்புப் படகோடு தூரத்தில் இருப்பேன், அவ்வளவுதான்.

வருத்தம் எல்லை தாண்டினால்

பல வாரம் ஆகியும் தூக்கம் திரும்பவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிடித்த எதிலும் கை போகவில்லை, அல்லது உயிரோடு இருப்பதே வீண் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் சரி, இந்தக் குறிப்பை மூடிவிட்டு ஆளிடம் பேசுங்கள். 14416 என்பது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், எந்த நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பும் இருக்கிறது. முழங்காலுக்குப் பிசியோ மாதிரி மனசுக்கு மனநல மருத்துவர். கோச்சிடம் சொன்னால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று பயப்படுகிறவர்கள் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

தொடர்வதா, விடுவதா

முதல் அவுட்டிங் முடிந்து சில வாரம் கழித்துத்தான் இந்தக் கேள்விக்கு வர வேண்டும். உலகமும் மாறியிருக்கிறது, அதையும் கணக்கில் எடுங்கள். பாரிஸோடு ஒலிம்பிக்கில் லைட்வெயிட் பிரிவு முடிந்தது. டோக்கியோவில் அர்ஜுன் லால் ஜாட்டும் அரவிந்த் சிங்கும் பதினொன்றாவது வந்தது அந்தப் பிரிவில்தான், அதுவரை ஒலிம்பிக் துடுப்பில் இந்தியர் யாரும் அவ்வளவு முன்னால் வந்ததில்லை. இனி ஒலிம்பிக் கனவு உள்ள லைட்வெயிட்காரர் உடம்பை ஏற்றிக்கொண்டு திறந்த பிரிவுக்குப் போக வேண்டும், அல்லது 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் முதல்முறையாக வரும் கடலோரத் துடுப்புப் போட்டியைப் பார்க்க வேண்டும். மணலில் ஓடி, அலையில் படகில் ஏறி, மிதவைகளைச் சுற்றித் திரும்பி வந்து மறுபடி மணலில் ஓடுவது. கடற்கரையில் வளர்ந்த சென்னைப் பிள்ளைகளுக்கு அதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்பது என் சொந்த அபிப்பிராயம். லாஸ் ஏஞ்சல்ஸில் வழக்கமான பந்தயங்களும் 2000க்குப் பதில் 1500 மீட்டர்தான். மூன்றாவது ஐந்நூறில் தளர்கிறவர்கள் உடனே சந்தோஷப்பட வேண்டாம், அங்கே மூன்றாவதுதான் கடைசி.

எந்த முடிவானாலும் காகித வேலை உண்டு. கோபத்தில் பலர் கலந்துகொண்ட சான்றிதழை வாங்காமலே வந்துவிடுகிறார்கள். நாட்டுக்காகப் பங்கேற்றதற்குத் துடுப்புச் சம்மேளனம் தரும் படிவம் 1ஐக் கேட்டு வாங்கி, நகல் எடுத்து வையுங்கள். தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அங்கே மட்டுமல்ல, வேறு இடங்களிலும் விளையாட்டு ஒதுக்கீடு என்று போனால் இந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு போன அலுவலகத்திலும் பணிக்குத் திரும்பிய கடிதத்தோடு இதன் நகலைக் கொடுத்துவிடுங்கள்.

விடுவதென்று முடிவானால் கோச்சிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், ஸ்டேட்டஸில் அவர் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம். ஊக்கமருந்துச் சோதனைக்கான பதிவுப் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால் ஓய்வு பெறுவதை முகமைக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காதவரை நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்ற விவரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வாசலில் மணி அடிக்கும்போது வீட்டில் இல்லையென்றால் அது உங்கள் கணக்கில் ஏறும். எழுதிக் கொடுத்த பிறகு மனசு மாறினாலும் உடனே போட்டியில் இறங்க முடியாது, ஆறு மாதம் முன்னதாக எழுத்தில் சொல்லிச் சோதனைக்குக் கிடைக்கும்படி இருக்க வேண்டும். அதனால் அந்தக் கடிதத்தை மட்டும் தீபாவளி வாரத்தில் எழுதாதீர்கள். பொங்கல் கழியட்டும்.